எல்லாருக்கும் எட்டுகிற வலை

ஸ்காபரோ, கனடா
ஆனி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் எல்லாரும் நல்ல சுகம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? எண்ணெய் தேய்ப்பதை மட்டும் விடவேண்டாம் என்று சொல்லுங்கள்.

பூங்காவில் நாங்கள் கரப்பந்து (வொலிபோல்) விளையாடும் படத்தைப் பார்த்துவிட்டு, அந்தக் கம்பமும் வலையும் என்ன விலை, எப்படிப் பார்த்து வாங்கினாய், எங்கள் ஊர் வாசிகசாலைப் பிள்ளைகளுக்கு ஒன்று அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். தொலைபேசியில் சொன்னால் பாதி விட்டுப்போகும். ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

இங்கே வெயில் காலம் குறுகியது. மார்கழி தொடங்கிப் பங்குனி வரைக்கும் வெளியே நின்று நாலு வார்த்தை பேசமுடியாது. இவருடைய தம்பி குடும்பம் ஏஜாக்ஸில்தான் இருக்கிறது. காரில் அரை மணி நேரம்கூட இல்லை. ஆனாலும் பனிக்காலத்தில் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்ப்பது பிறந்தநாள் மண்டபங்களில்தான். அங்கேயும் மூலைக்கொருவராகக் கைத்தொலைபேசியோடு உட்கார்ந்துவிடுவார்கள். ஆனி மாதம் பிறந்தால் எல்லாம் மாறிவிடுகிறது. இரவு ஒன்பது மணிக்குத்தான் சூரியன் மறைகிறது. வேலை முடிந்து வந்து, சமைத்துச் சாப்பிட்ட பிறகும் வெளிச்சம் மிஞ்சிக் கிடக்கும். அதை வீட்டுக்குள் இருந்து கழிக்க எனக்கு மனம் வருவதில்லை. பிள்ளைகள், பெரியவர்கள் எல்லாரும் சேர்ந்து செய்யக்கூடிய ஒன்று வேண்டும் என்றுதான் வலை தேடினேன்.

எங்கள் வீட்டுப் பின்வளவில் நாலு தக்காளிச் செடி வைக்கத்தான் இடம். முழு ஆடுகளத்துக்கு 18 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமும் வேண்டும். ஆகவே தொம்சன் பூங்காவுக்குப் போகிறோம். பொதுப் பூங்காவில் நம் விருப்பத்துக்குக் கம்பம் நட்டுவைக்க முடியாது. பின்னேரம் கொண்டுபோய்க் கட்டி, இருட்டுவதற்குள் கழற்றிக்கொண்டு வரவேண்டும். தரிப்பிடத்திலிருந்து புல்வெளி வரை சுமக்கவும் வேண்டும். இதற்கென்றே மடக்கிப் பையில் போட்டுத் தூக்கிச் செல்லும் வலைகள் விற்கிறார்கள்.

100 டொலருக்குள்ளேயே கிடைப்பவை உண்டு. பூப்பந்துக்கும் இதுவே, கரப்பந்துக்கும் இதுவே என்று பெட்டியில் எழுதியிருக்கும். கம்பம் விரல் பருமன்தான். பூப்பந்துக்கு அது போதும். ஆனால் 260 கிராமுக்குக் குறையாத கரப்பந்து, வலையின் மேல்நாடாவில் மோதினால் கம்பம் வளைந்து ஆடும். தண்ணீரோ மணலோ நிரப்பிய அடித்தட்டில் கம்பத்தைச் செருகும் வகையும் இருக்கிறது. முளை அடிக்கத் தேவையில்லை, சீமெந்து முற்றத்திலும் வைக்கலாம் என்பது அதன் நன்மை. ஆனால் வலையை நன்றாக இறுக்கினால் இரண்டு தட்டுகளும் உள்ளே சரிந்து வருகின்றன. கயிறு கட்டி முளை அடித்து நிறுத்தும் வகைதான் கரப்பந்துக்குச் சரி. நல்லதாக எடுத்தால் 200 டொலருக்கும் 300 டொலருக்கும் இடையில் போகிறது. எங்கள் குடும்பத்துக்கு அது சின்னக் காசு இல்லை. என்றாலும் யோசித்துத்தான் கொடுத்தேன்.

எதைப் பார்த்து வாங்கவேண்டும் என்று என்னைக் கேட்டால், முதலில் வலையின் இறுக்கம் என்பேன். நடுவில் தொய்ந்த வலையில் விளையாட்டு இல்லை. பந்து தட்டியதா, தாண்டியதா என்று சண்டைதான் மிஞ்சும். ஒரு கம்பத்துக்கு ஒரே கயிறு என்றால், இழுத்துக் கட்டக் கட்டக் கம்பம் பக்கவாட்டில் திரும்பும். ஆகவே ஒவ்வொரு கம்பத்தின் தலையிலிருந்தும் இரண்டு கயிறுகள் வெளிப்பக்கமாகப் பிரிந்து போகவேண்டும். முளைகள் நீளமாக இருக்கவேண்டும். தலை வெளிப்பக்கம் சாய அடிக்கவேண்டும். நாங்கள் வாங்கியதில் லொறியில் சாமான் கட்டும் பட்டிபோல, பிடியை முன்னும் பின்னும் அசைத்து இறுக்குகிற பட்டி இருக்கிறது. மேல்நாடாவை இழுத்தபின் கீழ்நாடாவையும் அதேபோல இழுக்கலாம். வலையின் இரண்டு ஓரத்திலும் துணி உறைக்குள் ஒரு மெல்லிய கோல் செருகியிருக்கும். அந்தக் கோல் இல்லையென்றால் ஓரம் சுருங்கி, வலை நடுவில் மட்டும் அகன்று நிற்கும். கயிறு பொலியெஸ்டராக இருந்தால் நல்லது. நைலோன் ஈரம் குடித்தால் நீண்டுவிடும். இங்கே மாலையில் புல்வெளி பனியில் நனைந்துவிடுவதால் இதைக் கவனிக்கத்தான் வேண்டும்.

இரண்டாவது, உயரம். இதைத்தான் நான் எல்லாவற்றையும்விட முக்கியமாக எழுத நினைத்தேன், அண்ணா. ஆண்களுக்கான வலை 2.43 மீற்றர், பெண்களுக்கு 2.24 என்பது உங்களுக்குத் தெரியும். கடையில் இருக்கும் கம்பங்களில் பல இந்த இரண்டு உயரத்திலும், இரண்டுக்கும் நடுவில் இன்னொன்றிலும் மட்டும்தான் பூட்டும். எங்கள் சின்னவளுக்கு ஒன்பது வயது. 2.24-இல் அவள் என்ன செய்வாள்? கை வலிக்க வலிக்கக் கீழிருந்து தூக்கி அடித்துவிட்டு, புல்லைப் பிடுங்கிக்கொண்டு உட்காருவாள். அமெரிக்காவில் பத்து வயதுக்குட்பட்டவர்களுக்கு 1.98 மீற்றரும், பன்னிரண்டுக்குட்பட்டவர்களுக்கு 2.13 மீற்றரும் வைக்கச் சொல்கிறார்கள். அவ்வளவு கீழே இறங்கும் கம்பம் எது என்று தேடித்தான் இதை எடுத்தேன்.

கம்பம் மூன்று துண்டு. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் அலுமினியக் குழாய்கள். உள்குழாயில் ஒரு சிறிய இரும்புக் குமிழ் துருத்திக்கொண்டிருக்கும். அதைப் பெருவிரலால் அமுக்கிக்கொண்டு உயர்த்தினால், அடுத்த துளை வந்ததும் 'டக்' என்று வெளியே பாய்ந்து பூட்டிக்கொள்ளும். உயரத்தை மாற்ற ஒரு நிமிடம் போதும். கயிற்றைத் தளர்த்திக் கட்டுவதுதான் கொஞ்சம் வேலை. முதலில் 1.98-இல் சின்னவர்களோடு விளையாடுவோம். பிறகு உயர்த்திவிட்டு இவரும் தம்பியும் மூத்தவனும் துள்ளித் துள்ளி அடிப்பார்கள்.

அந்த 1.98-க்கு ஒரு கதை உண்டு. வில்லியம் மோர்கன் 1895-இல் மசாசுசெட்ஸ் மாநிலத்து ஹோலியோக்கில், கிறிஸ்தவ இளைஞர் சங்கமான வை.எம்.சி.ஏ.யில் இந்த விளையாட்டை உண்டாக்கியபோது வலையை ஆறரை அடியில்தான் கட்டினார். அதுவும் 1.98 மீற்றர்தான். கூடைப்பந்து ஓடி விளையாட முடியாத நடுவயது ஆட்களுக்காக அவர் யோசித்தது இது. கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் நாங்கள் இருக்கும் இந்த ஒன்ராறியோ மாகாணத்தில் பிறந்தவர் என்று மூத்தவன் பெருமையாகச் சொல்வான். இலங்கைக்கும் 1916-இல் வை.எம்.சி.ஏ. வழியாகத்தான் கரப்பந்து வந்தது. 1991-இல் தேசிய விளையாட்டாகவும் ஆக்கினார்கள். வயதானவர்களும் ஆடட்டும் என்று பிறந்த விளையாட்டை, உயரமான இளைஞர்களுக்கு மட்டும் என்று நாம் ஏன் வைத்திருக்கிறோம்?

மாமியும் விளையாடுகிறார், அண்ணா. கதிரை போட்டுப் புள்ளி எண்ணிக்கொண்டிருந்தவர், ஒருநாள் வலை தாழ்ந்திருந்தபோது எழுந்து வந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு சேர்விஸ் போட்டார். பந்து வலைக்கு மேலாகப் போய்ச் சின்னவளின் காலடியில் விழுந்தது. மாமியின் கைக்காகவே காற்று மென்மையாக அடைத்த மணல்வெளிப் பந்தொன்று வைத்திருக்கிறோம். உள்ளரங்கப் பந்து அவருடைய மணிக்கட்டைச் சிவக்க வைத்துவிடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கயிறுகளில் பளிச்சென்ற துணி கட்டவேண்டும். ஓடும் பிள்ளைகளின் கண்ணுக்குக் கயிறு தெரியாது. வசாகா ஏரிக்கரைக்குப் போனால் மணலில் முளை நிற்காது; கயிற்றின் நுனியில் தட்டைக் கட்டி ஆழமாகப் புதைக்கவேண்டும். தம்பி வீட்டு வளவில் நீண்ட முளை அடிக்குமுன் ஒன்ராறியோ வன் கோல் என்ற சேவையைக் கேட்டால், எரிவாயுக் குழாயும் மின்கம்பியும் எங்கே போகின்றன என்று இலவசமாகக் குறித்துத் தருவார்கள். பூங்காவில் காட்டு வாத்துகளின் எச்சம் இல்லாத இடம் தேடுவதுதான் பெரும்பாடு.

சனிக்கிழமைகளில் சிலவேளை அஷ்பிரிட்ஜஸ் பே கரைக்கும் போவோம். அங்கே வரிசை வரிசையாக வலைகள். சென்ற வருடம் பாரிஸ் ஒலிம்பிக்கில் மணல்வெளிக் கரப்பந்தில் கனடாவுக்கு வெள்ளிப் பதக்கம் வாங்கித் தந்த இருவரில் மெலிசா ஹுமானா பரேடெஸ் இந்த ரொறன்ரோப் பெண்தான். அவருடைய தகப்பன் ஹெர்னான் ஹுமானா சிலி நாட்டிலிருந்து வந்து குடியேறியவர். 1996 அட்லாண்டாவில் வெண்கலம் வென்ற கனடிய ஆண்கள் சோடிக்கு அவர்தான் பயிற்றுநர். வேறு நாட்டிலிருந்து வந்த ஒருவர் தன் விளையாட்டையும் கொண்டுவந்து, அதை மகளின் கையில் கொடுத்திருக்கிறார். சின்னவளுக்கு இதைச் சொன்னபோது எனக்கே தொண்டை அடைத்தது.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். முழுத் தொகுதியை அனுப்பவேண்டாம் என்பது என் எண்ணம். கம்பங்களின் எடைக்கே அனுப்பும் கூலி கூடிவிடும். நமக்கு மடக்கும் கம்பம் தேவையும் இல்லை. வாசிகசாலை வளவு எங்கும் போய்விடாது. துத்தநாக முலாம் பூசிய இரண்டு குழாய்களைச் சீமெந்தில் நிறுத்துங்கள். வெறும் இரும்பு கடற்காற்றுக்குச் சீக்கிரம் துருப்பிடிக்கும். வலை, இறுக்கும் பட்டிகள், கோடு போடும் நாடா, இரண்டு பந்துகள் ஆகியவற்றை நான் அனுப்புகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். குழாயில் கொளுக்கி ஒட்டும்போது 2.43-க்கு மட்டும் ஒட்டச் சொல்லாதீர்கள். 2.24, 2.13, 1.98 ஆகியவற்றுக்கும் ஒட்டச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் நான் எவ்வளவு ஆசையாக விளையாடினேன் என்று உங்களுக்குத் தெரியும். படிப்பு முடிந்ததும் வாசிகசாலை வலைக்குக் கிட்டப் போகவே பெண்பிள்ளைகளான எங்களுக்கு இடமிருக்கவில்லை. உங்கள் மகளுக்கும் அவளுடைய தோழிகளுக்கும் அப்படி ஆகக்கூடாது. வாரத்தில் இரண்டு பின்னேரமாவது வலையை இறக்கிக் கட்டி அவர்களிடம் விடுங்கள். விளையாட்டுக் கழகத்தில் யாராவது முணுமுணுத்தால், வலை அனுப்பியவளின் நிபந்தனை என்று சொல்லுங்கள்.

இப்போதுள்ள கம்பங்களுக்கு இடையில் எத்தனை மீற்றர் என்று அளந்து அனுப்புங்கள். 9 மீற்றர் களத்துக்கு வெளியே இரண்டு பக்கமும் அரை மீற்றராவது விட்டுக் கம்பம் நிற்கவேண்டும். அளவு வந்ததும் பொதியைக் கட்டிவிடுகிறேன். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

இப்படிக்கு,
அன்புத் தங்கை