டியூபில் சாப்பிட்டாலும் பல் தேய்க்க வேண்டும்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்கு வயிற்றில் டியூப் போட்டாயிற்று, இனி எல்லாம் அதில்தான் என்று எழுதியிருந்தாய். "வாயால ஒண்ணும் சாப்பிடறதில்ல, பல் தேய்க்காம விட்டா என்ன?" என்று கேட்டிருந்தாயே, அதற்குத்தான் உடனே எழுதுகிறேன். விட்டுவிடாதே. மெல்லும்போதும் நாக்கு புரளும்போதும்தான் வாய் பாதி சுத்தமாகிறது. அப்பாவுக்கு வந்திருக்கும் ஏ.எல்.எஸ்., தசைகளை இயக்கும் நரம்புகள் மெல்லச் செயலிழக்கும் நோய். அது வந்தவருக்கு அந்த நாக்கே சுருங்கி அசைவற்றுப் போகிறது. எச்சில் அதிகமாகச் சுரக்கவில்லை, விழுங்க முடியாமல் தேங்குகிறது. அதில் கிருமி பெருகி நுரையீரலுக்கு இறங்கினால் நிமோனியா. சொத்தைப் பல்லைவிட அதற்குத்தான் பயப்பட வேண்டும்.

படுக்க வைத்துத் தேய்க்காதே. நிமிர்த்தி உட்கார வைத்து, முகவாயைச் சற்றுத் தாழ்த்தி, தலையை ஒரு பக்கம் திருப்பு. நீ நின்றுகொண்டு தேய்த்தால் அவர் அண்ணாந்துவிடுவார், தண்ணீர் நேரே தொண்டைக்குப் போகும். நாற்காலி போட்டு அவர் கண்மட்டத்துக்கு உட்கார். டியூபில் கொடுத்து ஒரு மணி நேரமாவது ஆகட்டும், இல்லையென்றால் எதுக்களிக்கும்.

குழந்தைகள் பிரஷ் வாங்கு, சின்னத் தலை, மிருதுவான நார். பேஸ்ட் பட்டாணி அளவுகூட வேண்டாம், நாரின் மேல் ஒரு பூச்சு போதும். அட்டையில் சோடியம் லாரில் சல்பேட் என்று இருந்தால் வாங்காதே, அதுதான் நுரைக்க வைப்பது. துப்ப முடியாதவருக்கு நுரை பெரிய தொல்லை. ஃபுளோரைடு மட்டும் இருக்கட்டும். பிரஷ்ஷை நனைத்து, உதறிவிட்டுத் தொடங்கு.

சக்‌ஷன் மெஷினை (எச்சிலை உறிஞ்சி எடுக்கும் கருவி) முதலிலேயே போட்டு வை. முனை கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் இருக்கட்டும், தொண்டைப் பக்கம் போகக் கூடாது. நாலு இழுப்பு தேய்த்து, நிறுத்தி, உறிஞ்சு. முதலில் பல்லின் வெளிப்பக்கம், அதற்கு வாய் திறக்கவே வேண்டாம். உள்பக்கம் போகும்போது சில சமயம் தாடை சட்டென்று பிரஷ்ஷைக் கவ்விக்கொள்ளும். அவர் வேண்டுமென்று கடிப்பதில்லை. பிடித்து இழுத்தால் இன்னும் இறுகும். பிரஷ்ஷை அப்படியே விட்டுவிட்டு, காதுக்கு முன்னால் கன்னத்துத் தசையை வட்டமாகத் தடவிக் கொடு, தானே தளரும். இதனால்தான் சொல்கிறேன், பல் வரிசைக்கு நடுவில் விரலை விடவே விடாதே. நாக்கை முன்பாதி மட்டும் துடை, பின்னால் போனால் குமட்டும். முடிந்ததும் டார்ச் அடித்து இரண்டு கன்னப் பையையும் பார். சளியோ பேஸ்ட்டோ மிச்சம் இருக்கும்போது பைபாப் (மூச்சுக்கு உதவக் காற்றைத் தள்ளும் கருவி) மாஸ்க்கைப் போட்டால் காற்று அதை உள்ளே தள்ளிவிடும்.

குச்சியில் ஸ்பாஞ்ச் வைத்து விற்கிறார்களே, கடிக்கிறவருக்கு அது வேண்டாம், ஸ்பாஞ்ச் கழன்று தொண்டையில் மாட்டலாம். உங்கள் அத்தை சொன்ன நல்லெண்ணெய்க் கொப்பளிப்பும் கூடாது. எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கினால் சரியாக இருமல்கூட வராது, நுரையீரலிலேயே தங்கிவிடும். அத்தையிடம் பக்குவமாகச் சொல்.

எச்சிலைக் குறைக்க மாத்திரை கொடுத்தால் வாய் காய்ந்து, சளி கோந்து மாதிரி ஒட்டும். அப்படியானால் டாக்டரிடம் சொல், அளவை மாற்றுவார். நாக்கில் தயிர் படிந்தாற்போல் வெள்ளை தெரிந்து, துடைத்தால் அடியில் சிவந்திருந்தால் அது பூஞ்சை. தேய்த்துச் சரியாகாது, மருந்து வேண்டும்.

இன்னொன்று. கை, கால், பேச்சு போனாலும் வாயில் உணர்ச்சி முழுக்க இருக்கிறது. ஈறு வலித்தால் அப்பாவுக்கு நன்றாகவே வலிக்கும், சொல்லத்தான் முடியாது. கண்ணை மேலே தூக்கினால் 'நிறுத்து' என்று இருவரும் முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவர் தூக்கியதும் நீ நிறுத்திவிட வேண்டும், 'இதோ ஆச்சுப்பா' என்று இன்னும் ரெண்டு இழுப்பு இழுக்கக் கூடாது.

காலை ஒரு முறை, இரவு தூங்கும் முன் ஒரு முறை. ஒரு வேளைதான் முடியுமென்றால் இரவை விடாதே. சக்‌ஷன் ஜாடியைத் தினமும் கழுவு. பல் டாக்டரிடம் போனால் நாற்காலியை முழுக்கச் சாய்க்க வேண்டாம், மூச்சு முட்டும் என்று முதலிலேயே சொல்லிவிடு.

வெள்ளை ஏதாவது தெரிந்தால் போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
மல்லிகா