தகப்பன்மார் நடத்திய லெந்துகால வீட்டு ஜெபத்துக்குத் தோள்கொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கு ஆண்கள் ஐக்கியத்தாரின் ஸ்தோத்திரம். ஈஸ்டருக்கு முந்தின உபவாச காலமான லெந்து நாட்களில், தினமும் மாலை வீட்டு ஜெபத்தை இந்த முறை தகப்பன்மாராகிய நாங்களே நடத்தினோம்.

முதல் நன்றி தாய்மாருக்கு. இத்தனை காலமும் வீட்டு ஜெபத்தை இழுத்துக்கொண்டு வந்தவர்கள் நீங்கள். கணவர் கீர்த்தனையை உச்சத்தில் எடுத்து அனுபல்லவியிலேயே மூச்சுத் திணறியபோதும், வேதாகமத்தில் வரும் ‘தெக்கப்போலி’ என்ற நாட்டுப் பெயரில் நாக்கு இடறியபோதும், பிள்ளைகள் முன்னால் திருத்தாமல் இருந்தீர்கள். அது சின்ன உதவி அல்ல. பிள்ளைகள் எதிரே திருத்தப்பட்ட மனுஷன் மறுநாள் “நீயே படி” என்று வேதாகமத்தை நீட்டிவிடுவார்.

மாற்கு சுவிசேஷத்தில் எந்த நாளில் எதைப் படிப்பது என்று குறித்த வாசிப்பு அட்டையைத் தயாரித்த ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கு அடுத்த நன்றி. லெந்து தொடங்கும் சாம்பல் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தின சனி வரை, ஞாயிறுகளையும் சேர்த்தால் 46 நாள். மாற்கு சுவிசேஷம் 678 வசனம். நாளுக்கு 15 என்று வைத்தால் கணக்கு ஒட்டி வருகிறது. ஆனால் அவர்கள் எண்ணைப் பார்த்து வெட்டவில்லை. சம்பவம் எங்கே முடிகிறதோ அங்கே நிறுத்தினார்கள். 5ஆம் அதிகாரத்தில், சாகக்கிடந்த யவீருவின் மகளை இயேசு எழுப்பிய சம்பவம் 21 முதல் 43 வரை போகிறது. நடுவில் பெரும்பாடுள்ள (தீராத உதிரப்போக்குள்ள) ஸ்திரீ வருகிற இடத்தில் நிறுத்திவிட்டால், சாகக்கிடக்கிற பெண்பிள்ளையை நினைத்துக்கொண்டே சிறுசுகள் படுக்கப் போகும். அதனால் அன்றைக்கு மட்டும் 23 வசனம். 72 வசனமுள்ள 14ஆம் அதிகாரத்தை ஐந்து நாளாகப் பிரித்திருந்தார்கள்.

மொத்த ஜெபமும் 12 நிமிடம் என்று வரம்பு போட்டவர்களும் அவர்களே. பாட்டு இரண்டு சரணம், வாசிப்பு, ஒரே ஒரு கேள்வி, ஜெபம். ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிடம். ஐந்து வயதுப் பிள்ளை அதற்கு மேல் உட்காராது. உட்கார வைத்தால் தூங்கும், தூங்கினால் குட்டு விழும், குட்டு விழுந்தால் ஜெபம் என்றாலே கசக்கும். சாப்பாட்டுக்கு முன்பே ஜெபம் வைக்கச் சொன்னதும் இதனால்தான். வேதாகமம் புத்தகமாக இருக்கட்டும் என்று அவர்கள் பிடிவாதம் பிடித்ததில் எங்களில் சிலருக்கு முணுமுணுப்பு இருந்தது. காரணம் நியாயமானது: அப்பா போனைப் பார்த்துக் குனிந்திருந்தால், படிப்பது மாற்குவா வாட்ஸ்அப்பா என்று பிள்ளைக்குத் தெரியாது.

எங்கள் ஆயருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். ஜெபத்தைப் புகார் மனுவாக்காதீர்கள் என்று ஆரம்பத்திலேயே கறாராகச் சொன்னவர் அவர். “ஆண்டவரே, இவன் கணக்கில் தோற்றுப்போகிறான், சொன்ன பேச்சு கேட்பதில்லை, நீர்தாம் புத்தி கொடும்” என்று அப்பா ஜெபித்தால், கண்ணை மூடியிருக்கிற பையன் பதில் பேச முடியாது; கடைசியில் “ஆமென்” வேறு சொல்லியாக வேண்டும். “உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்” என்று கொலோசெயர் 3:21 தடுப்பது இதையும் சேர்த்துத்தான். அவர் கொடுத்த விதி இரண்டு. அங்கே உட்கார்ந்திருக்கிற யாருடைய குற்றத்தையும் ஜெபத்தில் எடுக்கக் கூடாது. முதல் விண்ணப்பம் தகப்பன் தனக்காகச் செய்வதாக இருக்க வேண்டும். பேச வார்த்தை வராதவர்களுக்கு மாற்கு 9:24ஐக் காட்டினார்: “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்.” அதுவும் ஒரு தகப்பன் தன் பிள்ளைக்காக அழுது சொன்னதுதானே.

மன்னிப்புக் கேட்பதைப் பழக்கித் தந்த குடும்ப ஆலோசகர் அக்காவுக்கும் நன்றி. செய்ததைப் பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும்: “நேற்று உன் தங்கச்சி முன்னால் உன்னை முட்டாள் என்றேன். அது தப்பு. மன்னித்துக்கொள்.” அதோடு வாயை மூட வேண்டும். “ஆனால் நீயும்...” என்று தொடங்கினால் முன்னே சொன்னது அத்தனையும் அடிபட்டுப்போகும். யார் எதிரில் திட்டினோமோ அவர்கள் எதிரில்தான் கேட்க வேண்டும். தனியே கூப்பிட்டு மிட்டாய் கொடுப்பது மன்னிப்பில் சேராது.

காணிக்கை பற்றிப் பேசிய வங்கி அலுவலர் அண்ணன் சொன்னது சுருக்கமானது. காணிக்கையைச் சனி இரவே பிள்ளைகள் பார்க்க உறையில் போடுங்கள். ஆலய வாசலில் சட்டைப்பையைத் துழாவி நாணயத்தைத் திணித்தால், ஆண்டவருக்கு மிச்சம் போதும் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். கடன்காரர் வந்தால் “அப்பா இல்லை என்று சொல்லு” என்பதையும், பிரசங்க நேரத்தில் வேப்பமரத்தடி பைக்கில் உட்கார்ந்திருப்பதையும், பிள்ளை தப்பாகக் கற்றுக்கொள்ளும் பாடங்களாக அவரே சேர்த்துச் சொன்னார். சிலர் நெளிந்தார்கள்.

பெயர் சொல்லாமல் வந்து பேசிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (குடியை விட ஒருவருக்கொருவர் துணைநிற்கும் அமைப்பு) நண்பர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். தினமும் அதிகமாகக் குடிக்கிறவர் உபவாசம் என்று சொல்லி ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பும் புத்தித் தடுமாற்றமும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம், மருத்துவரைப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும் என்று அவர்கள் எச்சரித்தது சரியான நேரத்தில் வந்தது.

துபாயிலும் மஸ்கட்டிலும் இருந்தபடி ஜெபம் நடத்திய தகப்பன்மாரே, இங்கே இரவு 8.30 என்றால் உங்களுக்கு 7 மணி. வேலை முடிந்த களைப்போடு வந்தீர்கள். வீடியோ அழைப்பில் குரல் பிந்தி வருவதால் சேர்ந்து பாடினால் தாளம் கெடும். பிள்ளைகள் பாட நீங்கள் மைக்கை அணைத்துக் கேட்பது, பிறகு நீங்கள் வாசிப்பது என்று வழி கண்டு, அதை மற்ற வீடுகளுக்கும் சொல்லிக் கொடுத்ததற்கு நன்றி.

மீந்த அட்டைகள் ஆலய அலுவலகத்தில் இருக்கின்றன. டிசம்பர் 1 முதல் 24 வரை நாளுக்கு ஒன்றாக லூக்காவின் 24 அதிகாரங்களையும் வாசிக்கலாம் என்று யோசனை வந்திருக்கிறது. முதல் அதிகாரமே 80 வசனம் என்பதால், சின்னப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு பகுதியை மட்டும் குறித்துத் தர ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் மறுபடி சம்மதித்திருக்கிறார்கள். அதற்கும் முன்கூட்டியே நன்றி.

இப்படிக்கு,
ஆண்கள் ஐக்கியத்தார்