தேடுபொறி வாங்கும் முன்: நூலகத் தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு, வணக்கம்.

நம் நூலகத்தின் இணையதளத்துக்கும் ஊழியர்கள் மட்டும் பார்க்கும் உள்வலையான இன்ட்ராநெட்டுக்கும் சேர்த்துப் புதிய தேடுபொறி வாங்கப் போவதாகச் சுற்றறிக்கையில் பார்த்தேன். நூல் வழங்கும் மேசையில் தினமும் உட்காருகிறவன் நான். வாங்குவதற்கு முன் அதற்குத் தமிழ் தெரியுமா என்று பாருங்கள். என் வேண்டுகோள் அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு மாணவி கணினியில் 'கோவில் கட்டிடக்கலை' என்று தேடினார். ஒன்றுமே வரவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவரைக் கூப்பிட்டு 726ஆம் எண் அடுக்குக்கு அழைத்துப் போனேன். கணினியிலிருந்து பத்தடி தூரம்கூட இல்லை. ஒரு தட்டு நிறையப் புத்தகம். நம் பதிவுகளில் அவை 'கோயில்கள்', 'கோயிற்கலை', 'கட்டடக்கலை' என்றெல்லாம் இருக்கின்றன. அவர் எழுதியதிலும் தப்பில்லை, நாம் எழுதியதிலும் தப்பில்லை. நடுவில் இருந்த பெட்டிக்குத்தான் இரண்டும் ஒன்று என்று தெரியவில்லை.

தமிழில் ஒரு சொல் வேற்றுமை உருபு, பன்மை, சந்தி என்று பல வடிவம் எடுக்கும். 'நூலகம்' என்று தேடுகிறவருக்கு 'நூலகங்களில்' இருப்பதும் வரவேண்டும். இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஸ்னோபால் என்ற திறமூலத் தொகுப்பில் தமிழ்ச் சொல்லின் விகுதிகளை வெட்டிப் பார்க்கும் நிரல் இருக்கிறது. ஆனால் கோவிலையும் கோயிலையும் அது சேர்த்து வைக்காது. அதற்கு இணைச்சொல் பட்டியல் வேண்டும். அந்தப் பட்டியலில் நாமே சொல் சேர்க்க முடியுமா, ஒவ்வொரு முறையும் நிறுவனத்துக்குக் கடிதம் போட வேண்டுமா என்று கேளுங்கள்.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. யூனிகோடில் 'கொ' என்ற எழுத்தைக் ககரத்தோடு 'ொ' என்ற ஒரே குறியாகவும் வைக்கலாம், 'ெ', 'ா' என்று இரண்டு குறியாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். சரிப்படுத்தாமல் விட்டால் கணினிக்கு இரண்டும் வேறு. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய நம் பதிவுகளில் இந்தச் சிக்கல் இருக்கிறது.

வெளி நிறுவனத்தின் தேடல் பெட்டியை அப்படியே ஒட்டிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்கிறார்கள். பிறர் தளத்தில் ஒட்டிக்கொள்ளும் தேடல் பெட்டியான 'சைட் சர்ச்' சேவையைக் கூகுள் 2018இல் மூடியது. அதை நம்பியிருந்தவர்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. அப்புறம், பொதுத் தேடுபொறி நம் இன்ட்ராநெட்டுக்குள் வரவும் முடியாது. லூசீன் என்ற திறமூலத் தேடல் நிரலின் மேல் கட்டிய எலாஸ்டிக்சர்ச் போன்ற தேடுபொறியை நம் சர்வரிலேயே வைத்துக்கொள்ளலாம். கோஹா நூலக மென்பொருளும் அதோடு இணையும். பராமரிக்கத் தெரிந்த ஒருவர் நமக்கு வேண்டும், அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

இன்ட்ராநெட்டில் பழைய சுற்றறிக்கைகள் எல்லாம் ஸ்கேன் செய்த படங்கள். எழுத்துணரி, அதாவது படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும் மென்பொருள், கொண்டு படித்து வைக்காவிட்டால் எந்தத் தேடுபொறிக்கும் அவை வெற்றுத்தாள்தான். அதேபோல், தேடும்போது பணிப்பதிவேடு மாதிரியானவற்றின் தலைப்புகூட உரிமை இல்லாதவர் கண்ணில் படக்கூடாது.

இரண்டு வாரமாக வாசகர்கள் என்னிடம் கேட்பதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே ஒரு நோட்டில் எழுதி வருகிறேன், எழுத்துப்பிழையோடு. நிறுவனத்தார் செயல்விளக்கம் காட்ட வரும் நாளில் அந்த நோட்டைக் கொண்டுவருகிறேன். அவர்கள் தயாரித்து வந்த சொற்களை விட்டுவிட்டு, அதிலிருந்து நம் பதிவுகளில் தேடிக் காட்டச் சொல்லுங்கள்.

அன்புடன்,
நூல் வழங்கும் மேசை ஊழியர்