மக்காச்சோள மணியின் லைசினும் பக்கத்து வயல் மகரந்தமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆடிக் கூழுக்கும் அன்றாடக் கஞ்சிக்கும் தென்னாப்பிரிக்காவில் நமக்கு வெள்ளை மக்காச்சோள மாவுதான். 2003 முதல் சட்டப்படி அதில் வைட்டமின்களும் இரும்பும் துத்தநாகமும் சேர்க்கிறார்கள். ஆனால் உடலுக்கு அவசியமான, மக்காச்சோளப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தைச் சேர்ப்பதில்லை.

அந்தக் குறை மரபணுவிலேயே இருக்கிறது. மணியின் புரதத்தில் பாதிக்கு மேல் ஸீன் என்ற சேமிப்புப் புரதம். அதன் முக்கிய வகையான ஆல்ஃபா ஸீனின் மரபணுக்களில் இன்ட்ரான் (புரதக் குறியீடு இல்லாத இடைத்துண்டு) கிடையாது. லைசினுக்கான குறியீடும் அநேகமாக இல்லை. மரபணுவின் தொடக்கத்துக்குச் சுமார் 300 டி.என்.ஏ. எழுத்துகள் முன்னால் 'புரோலமின் பெட்டி' என்ற வரிசை உண்டு. அதனருகே, மரபணுவை இயக்கும் ஒபேக்-2 என்ற புரதம் வந்து ஒட்டினால்தான் 22 கிலோடால்டன் எடையுள்ள ஆல்ஃபா ஸீன் மிகுதியாக உருவாகும், அதுவும் கருவூணில் (மணிக்குள் உள்ள உணவுச் சேமிப்புப் பகுதியில்) மட்டும். ஒபேக்-2 மரபணு பழுதானால் ஸீன் குறைந்து லைசின் ஏறக்குறைய இரு மடங்காகிறது. பர்டூ பல்கலைக்கழகத்தார் 1964இல் வெளியிட்ட அரிய கண்டுபிடிப்பு இது. ஆனால் அந்த மணி மென்மையானது. பூசணம் பிடிக்கும், ஆலையில் நொறுங்கும். காமா ஸீன் என்ற இன்னொரு வகையைக் கூட்டும் துணை மரபணுக்களைச் சேர்த்த பிறகே கெட்டி மணி கிடைத்தது.

இவ்வகை விதையை குவாசூலு-நட்டாலில் நடுவோர் கவனிக்க வேண்டியது: இது ஒடுங்கு பண்பு, அதாவது சாதாரண மரபணு ஒன்று வந்து சேர்ந்தாலே மறைந்துவிடும். சாதாரண மக்காச்சோளத்தின் மகரந்தம் விழுந்த மணியில் அந்தப் பருவத்திலேயே லைசின் இறங்கிவிடும். 200 மீட்டர் இடைவெளி விடுங்கள். இடமில்லையென்றால் பூப்பு மூன்று வாரமாவது விலகும்படி விதையுங்கள். விதைக்கு வயலின் நடுக்கதிர்களையே எடுங்கள். கலப்பின விதையென்றால் சேமிக்கவே வேண்டாம்.

விதை நிறுவனங்கள் இந்த இடைவெளிக் கணக்கைப் பையின் மேலேயே அச்சிட வேண்டும்.

— ஒரு வாசகர், டர்பன்