சனிக்கிழமை வீட்டுக் கூடுகை: வியாழனுக்குள் பதில் வேண்டும்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

போன மாதம் நம் சபைச் சகோதரி ஒருவர் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்தபோது இந்தக் குழுவில் கூப்பிய கை எமோஜி வரிசையாக வந்தது, ஆனால் சாப்பாடு கொண்டுபோனது அவருடைய பக்கத்து ஃபிளாட்காரர்கள். நானும் எமோஜி போட்டவன்தான். 2020 ஊரடங்கில் தொடங்கிய ஜூம் ஜெபம் மட்டும் போதாது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அதனால் சென்னையில் ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் இருப்பவர்கள் மூன்று இடங்களில், வீடுகளில் கூடுவோம்.

14ஆம் தேதி, சனி, மாலை 6.30 முதல் 8 வரை.

1. சோழிங்கநல்லூர், நாவலூர், கேளம்பாக்கம், இதில் உங்களுக்கு எது பக்கமோ அதை வியாழன் இரவுக்குள் இங்கே எழுதுங்கள். கட்டைவிரல் எமோஜி கணக்கில் வராது.
2. வீடு தர முடிந்தவர்கள் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். மைக், கீபோர்டு வேண்டாம், கீழ்வீட்டுக்காரர் பாவம்.
3. வேதபகுதி (பைபிளில்) அப்போஸ்தலர் நடபடிகள் 2:42-47. வாசித்துவிட்டு வாருங்கள்.
4. வீட்டுக்கு ஒரு டிபன், இட்லி என்றாலும் சரி.
5. ஷிஃப்ட் முடிந்து தாமதமாக வந்தாலும் பரவாயில்லை.

அப்புறம், நைட் ஷிஃப்ட்காரர்களுக்காகப் புதன் ஜூம் வழக்கம்போல இருக்கும்.