சி.ஆர்.பி. சீட்டில் காய்ச்சல் எத்தனையாம் நாள் என்று எழுதுங்கள்

மும்பையின் தாராவி, சயான் கோலிவாடா, மாட்டுங்கா வட்டாரத்தில் கிளினிக் நடத்தும் மருத்துவர்களுக்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தாருக்கும் வணக்கம்.

இருமலும் காய்ச்சலுமாக வருகிறவருக்குச் சி.ஆர்.பி. (உடலில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஏறும் ஒரு புரதத்தின் அளவு) பரிசோதனை எழுதுகிறீர்கள். எண் ஏறியிருந்தால் நிமோனியா, இல்லாவிட்டால் வைரஸ் என்று முடிவாகிவிடுகிறது. எத்தனையாம் நாள் எடுத்த ரத்தம் என்று யாரும் கேட்பதில்லை.

கல்லீரல் சுரக்கும் இந்தப் புரதம், தொற்று தொடங்கி 6 முதல் 8 மணி நேரம் கழித்தே ஏறத் தொடங்கும். உச்சிக்குப் போக ஏறக்குறைய 2 நாளாகும். முதல் நாள் லிட்டருக்கு 12 மில்லிகிராம் என்று வந்தால் அது எதையும் விலக்காது. நான்காம் நாளும் 12 என்றால் பாக்டீரியா நிமோனியா இருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் இடையில் டெக்ஸாமெத்தசோன் ஊசி போட்டிருந்தால் அந்த எண்ணை நம்ப முடியாது, ஸ்டீராய்டு அதை அமுக்கிவிடும். ஆகவே சீட்டில் காய்ச்சலின் நாளோடு ஊசி விவரத்தையும் தயவுசெய்து எழுதுங்கள்.

கூடத்தாருக்கு: அலகைப் பெரிதாக அச்சிடுங்கள். டெசிலிட்டருக்கு 8 மில்லிகிராம் என்பது லிட்டருக்கு 80. இதைக் கவனிக்காமல் "எட்டுதானே" என்று வீட்டுக்கு அனுப்பிவிடும் ஆபத்து இருக்கிறது. லேடெக்ஸ் துகள்கள் கட்டியாகிறதா என்று கண்ணாடிச் சிலைடில் பார்க்கும் சோதனையில், சி.ஆர்.பி. மிக அதிகமாக இருந்தால் துகள்கள் கட்டியாகாமல் நெகட்டிவ் போலத் தெரியும். ரத்தச் சீரத்தை நீர்க்கச் செய்து மறுபடி பாருங்கள்.

எண் வரும்வரை காத்திருக்கக் கூடாத நோயாளியும் உண்டு. மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பெரியவர்களுக்கு அது 30-ஐத் தொட்டாலோ, ரத்த ஆக்சிஜன் 92 சதவீதத்துக்குக் கீழே போனாலோ, பேச்சு குழறினாலோ உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புங்கள். எக்ஸ்ரேயில் நிமோனியா தெரிந்துவிட்டால், புரோகால்சிடோனின் (சி.ஆர்.பி. போன்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை) குறைவு என்பதற்காக ஆன்டிபயாடிக்கைத் தள்ளிப்போட வேண்டாம் என்கிறது அமெரிக்க மருத்துவர்களின் 2019 வழிகாட்டுதல்.

நிமோனியாவா இல்லையா என்று உறுதியாகாத இடத்தில்தான் சி.ஆர்.பி. கைகொடுக்கும். லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே ஆன்டிபயாடிக் வேண்டாம், 100-க்கு மேல் கொடுக்கலாம் என்று 2014-இல் பிரிட்டன் வகுத்தது. நம் மழைக்காலத்தில் மலேரியாவும் எலிக்காய்ச்சலும் நுரையீரலில் ஒன்றுமில்லாமலே 100-ஐத் தாண்ட வைக்கும். அவற்றையும் சோதிக்க வேண்டும்.

மருந்து தொடங்கி 3 அல்லது 4 நாளில் எண் பாதியாகக் குறையாவிட்டால் மாத்திரையை மாற்றிக் கொடுப்பதோடு நின்றுவிடாதீர்கள். மறுபடி எக்ஸ்ரே எடுத்து நெஞ்சில் நீரோ சீழோ கோத்திருக்கிறதா என்று பாருங்கள். இருமல் 2 வாரம் தாண்டியிருந்தால் சி.ஆர்.பி. எத்தனையாக இருந்தாலும் சளியைக் காசநோய்ப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மும்பையில் நெஞ்சகநோய்ப் பிரிவிலும் பரிசோதனைக் கூடங்களிலும் பணிபுரியும் தமிழர்கள்