பூட்டிக் கிடக்கும் வீடெல்லாம் காலி வீடு இல்லை

சிவமயம்

காரைக்குடி

அன்புள்ள தம்பிக்கு,

ஆத்தா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். அப்பச்சிக்கு முட்டி வலி கொஞ்சம் தேவலை. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ எப்போது கூப்பிட்டாலும் மீட்டிங்கில் இருக்கிறாய், பாதியில் வைத்துவிடுவாய். நிதானமாகப் படிக்கட்டும் என்றுதான் தபாலில் போடுகிறேன்.

போன தடவை வந்தபோது வளவில் உட்கார்ந்து மடிக்கணினியில் ஒரு கணக்குக் காட்டினாயே, அது என் மனதைவிட்டுப் போகவில்லை. உங்கள் ஆப்பில் பலகாரமும் பொடியும் ஊறுகாயும் வாங்குகிறவர்களை நிலை நிலையாகப் பிரித்திருந்தாய். இன்ஸ்டால் செய்துவிட்டு ஒன்றும் வாங்காதவர், முதல் ஆர்டர் போட்டவர், வாடிக்கையாக வாங்குகிறவர், வரத்துக் குறைந்தவர், தூங்குகிறவர், போய்விட்டவர் என்று. பிரித்தது நல்ல காரியம். எல்லாருக்கும் ஒரே பேச்சு பேசினால் எந்த வியாபாரமும் ஓடாது. ஆனால் 60 நாள் ஆப்பைத் திறக்காதவர் எல்லாரும் தூங்குகிறவர், அவர்களுக்கு வெள்ளிக்கிழமைதோறும் 40 சதவீதத் தள்ளுபடி என்றாய். அந்த 60 நாள் எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, “பொதுவாக எல்லாரும் அப்படித்தான் வைக்கிறார்கள் ஆத்தா” என்று சொன்னாய். அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை.

நம் தெருவையே நினைத்துப் பார். எதிர் வரிசையில் நாலு வீடு பூட்டிக் கிடக்கிறது. புதிதாக வருகிறவர் பார்த்தால் ஆளற்ற வீடு என்றுதான் நினைப்பார். ஒரு கல்யாணம் என்று வரட்டும், நாலு நாளைக்கு முன்னாலேயே கதவு திறந்து, முகப்பு கழுவி, இரண்டாங்கட்டில் அடுப்பு எரியும். சென்னையில் இருந்தும் சிங்கப்பூரில் இருந்தும் வந்து இறங்கும் அந்த மனிதர்கள்தான் நம் கடைக்குப் பெரிய வரவு. வருஷத்தில் இரண்டு தடவைதான் வாங்குவார்கள். தீபாவளிக்கு முன்னால் ஒன்று, அப்புறம் கோடையில் ஊருக்கு வந்து திரும்பும்போது ஒன்று. உன் 60 நாள் கணக்கில் அவர்கள் வருஷத்தில் எட்டு மாதம் தூங்குகிறவர்கள், இல்லையென்றால் போய்விட்டவர்கள். என் கணக்கில் இருபது வருஷமாக ஒரு தடவையும் தவறாதவர்கள்.

கடை நோட்டில் வீட்டுக்கு ஒரு பக்கம் வைத்திருக்கிறேன், உனக்குத் தெரியும். என்ன வாங்கினார்கள், எத்தனை கிலோ, என்றைக்கு. பக்கத்தைப் புரட்டினால் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறார்கள் என்பது கண்ணில் படும். குழந்தைகள் இருக்கிற வீட்டில் மாவுருண்டை பதினைந்து நாளில் தீர்ந்துவிடும். அந்த வீட்டில் இருந்து 40 நாள் ஆள் வரவில்லை என்றால் ஏதோ குறை. போன மாசி மாதம் அப்படித்தான் ஒரு வீட்டில் விசாரித்தேன். சீப்புச் சீடை காறல் அடித்தது என்று சொல்லத் தயங்கிக்கொண்டு வேறு இடத்தில் வாங்கியிருக்கிறார்கள். எதிர் வீட்டுக்கு 200 நாள் ஆனாலும் நான் கவலைப்படமாட்டேன்.

ஆகவே கோடு ஆளுக்கு ஆள் மாற வேண்டும், தம்பி. ஒருவர் இரண்டு ஆர்டருக்கு நடுவில் வழக்கமாக எத்தனை நாள் விடுகிறார் என்று கம்ப்யூட்டரே கணக்குப் போடும் அல்லவா? அந்த இடைவெளியைப் போல இரண்டு மடங்கு தாண்டினால் வரத்துக் குறைந்தவர் என்று வைத்துப் பார். ஒரே தடவை வாங்கியவருக்கு இடைவெளி என்று ஒன்று இருக்காது. அவருக்கு என்ன வாங்கினார் என்பதை வைத்து முடிவு செய். இட்லிப் பொடி வாங்கியவர் அடுத்த மாதம் வரவேண்டியவர். கல்யாணச் சீருக்கு மனகோலமும் அதிரசமும் கிலோக் கணக்கில் வாங்கியவரை அடுத்த மாதம் எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

வருஷத்துக்கு ஒருமுறை வருகிறவர்களுக்குத் தள்ளுபடியே தேவையில்லை. நாள் சொன்னால் போதும். திருக்கார்த்திகையில் இருந்து 21 நாள் எண்ணிப் பிள்ளையார் நோன்பு. கடல் தாண்டி இருந்தாலும் நம்மவர்கள் நோன்பு நூல்திரியான இழையை எடுக்காமல் விடுவதில்லை. போன வருஷம் அந்தச் சமயத்தில் வாங்கியவர்களுக்கு மட்டும், இந்தத் தேதிக்குள் சொன்னால் நோன்புக்கு முன்னால் பார்சல் வந்து சேரும் என்று ஒரு வரி அனுப்பு. அது அவர்களுக்கு உபகாரம். “உங்களைக் காணோமே” என்று வாராவாரம் தட்டிக்கொண்டிருந்தால் ஆப்பையே எடுத்துவிடுவார்கள்.

எனக்கே அப்படி ஆயிற்று. ஒரு ஆப்பில் முழு விலை கொடுத்துக் குக்கர் வாங்கினேன். அன்று சாயங்காலமே, ரொம்ப நாளாக வரவில்லையே, இந்தாருங்கள் 20 சதவீதத் தள்ளுபடி என்று அதே ஆப்பில் இருந்து செய்தி. மனசு எரிந்துவிட்டது. பட்டியலை இரவில் ஒருமுறைதான் புதுப்பிப்பார்கள், அதனால் நேரும் என்று நீ விளக்கினாய். காரணம் புரிகிறது. ஆனால் வாங்கிய நிமிஷமே பழைய பட்டியலில் இருந்து பேரை எடுக்க உங்களிடம் வழி இருக்க வேண்டும். ஒருவர் ஒரே சமயத்தில் இரண்டு பட்டியலில் இருக்கவும் கூடாது. முறுக்கு நொறுங்கி வந்தது என்று புகார் சொன்னவர் எந்த நிலையில் இருந்தாலும், அது தீரும்வரை அவரிடம் வியாபாரம் பேசாதே.

புதிதாக வருகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் ஆப்பைத் திறந்ததுமே நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா என்று கேட்கிறது. ஐபோனில் எப்போதும் கேட்டுத்தான் ஆக வேண்டும், 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல் அதிலும் அப்படித்தான் என்று நீதான் சொன்னாய். ஐபோனில் ஒருமுறை வேண்டாம் என்று அழுத்திவிட்டால் அவர்களாக செட்டிங்ஸுக்குள் போய் மாற்றினால்தான் உண்டாம். அப்படியென்றால் வாசலிலேயே ஏன் கேட்கிறீர்கள்? கடைக்குப் புதிதாக வருகிறவர் கையில் முதலில் ஒரு துண்டு மனகோலம் கொடுப்பேன். போன் நம்பர் கேட்பது பில் போடும்போதுதான். முதல் ஆர்டர் போட்டு முடித்ததும், பார்சல் எங்கே வருகிறது என்று சொல்லட்டுமா என்று கேட்டுப் பார். பிரியமாகச் சரி என்பார்கள். அந்த முதல் டப்பா நல்லபடியாகப் போய்ச் சேரும்வரை வேறெதையும் வாங்கச் சொல்லாதே.

40 சதவீதம் எனக்குப் பயமாகவே இருக்கிறது. எப்படியும் வாங்க இருந்தவருக்கும் அது போகிறது, மற்றவர்கள் வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்கப் பழகிவிடுவார்கள். பத்தில் ஒருவருக்கு எதுவும் அனுப்பாமல் வைத்து, செய்தி போனவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று முன்பு ஒருநாள் சொன்னாயே, அதைச் செய். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வாங்கியிருந்தால் தள்ளுபடிக் காசு வீண்.

போய்விட்டவர்களை விட்டுவிடு. கீழத்தெரு ஆச்சி ஒருவர் மாதம் தவறாமல் கைமுறுக்கு வாங்குவார். சட்டென்று நின்றது. போய்க் கேட்டபோதுதான் அவர் தவறிப்போனது தெரிந்தது. எனக்குத் தெருவில் நாலு பேரைக் கேட்டால் தெரிந்துவிடும், உன் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அந்த வீட்டுப் போனில் பலகாரச் செய்தி மணி அடித்துக்கொண்டே இருந்தால் பிள்ளைகளுக்கு எப்படி இருக்கும்? இரண்டு தடவை அனுப்பிப் பார், பதில் இல்லையென்றால் நிறுத்திக்கொள். வேண்டாம் என்கிறவருக்கு அதைச் சொல்லும் வழியும் சுலபமாக இருக்கட்டும். சம்மதம் கொடுத்தது எவ்வளவு சுலபமோ, திரும்ப வாங்கிக்கொள்வதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்று 2023இல் வந்த தனிநபர் தரவுச் சட்டமே சொல்கிறதாமே.

இந்த வெள்ளிக்கிழமை அனுப்புவதற்கு முன்னால் அந்தத் தூங்குகிறவர் பட்டியலைத் திறந்து, வருஷா வருஷம் அதே மாதத்தில் வாங்குகிறவர்கள் எத்தனை பேர் அதில் சிக்கியிருக்கிறார்கள் என்று எண்ணி எனக்குச் சொல். தேன்குழலும் கருப்பட்டியும் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், வந்ததும் ஒரு போன் போடு.

இப்படிக்கு,
ஆத்தா